மூன்று சான்றிதழ் வாங்கியும் இணைப்புக் கிடைக்கவில்லை

கேள்வி: பெங்களூரு மாரத்தஹள்ளியில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்கள் பில்லிங் செயலி போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துடன் கடவுச்சொல் இல்லாமல், டிஜிட்டல் சான்றிதழ் காட்டி இணைய வேண்டும். ஆனால், ‘இந்தப் பயனருக்குச் சான்றிதழ் அங்கீகாரம் தோல்வி’ என்று பயனர் பெயரோடு பிழைச்செய்தி வருகிறது. பாதுகாப்புப் பிரிவிடம் மூன்று முறை புதிய சான்றிதழ் வாங்கிவிட்டேன். சர்வருக்குள் நுழைந்து அங்கிருந்தே இணைத்தால் மட்டும் இணைகிறது. எங்கே தவறு?

பதில்: நான்காவது சான்றிதழ் கேட்டு எழுதாதீர்கள். வந்திருக்கும் பிழைச்செய்தியிலேயே பாதி விடை இருக்கிறது.

பொங்கலுக்கு ஊர் போகும் ரயிலில் டிக்கெட் பரிசோதகர் அடையாள அட்டை அசலா என்று பார்ப்பார். பிறகு அதிலுள்ள பெயர் தன் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பார். போஸ்ட்கிரெஸும் அப்படித்தான். மறையாக்க இணைப்பு உருவாகும்போதே முதல் சோதனை முடிந்துவிடும்: சான்றிதழில் கையொப்பமிட்ட சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) நம்பத்தக்கதா, தேதி காலாவதியாகிவிட்டதா. அங்கே தடுக்கியிருந்தால் ‘அறியாத சிஏ’ என்பதுபோல் செய்தி வந்திருக்கும். சான்றிதழே போய்ச் சேரவில்லை என்றால் ‘செல்லுபடியாகும் சான்றிதழ் தேவை’ என்று வரும். உங்களுக்கு வந்ததோ மூன்றாவது வகை. சான்றிதழ் அசல் என்று சர்வர் ஒப்புக்கொண்டுவிட்டது; பெயர்தான் இடிக்கிறது.

கிளையன்ட் பக்கம், அதாவது இணையும் செயலியிடம், செய்தி இவ்வளவுதான் பேசும். வெளியாளிடம் காரணம் சொல்லக் கூடாது என்பது நியாயமே. சர்வர் பதிவுக் கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள். தரப்பட்ட பெயரும் சான்றிதழிலிருந்து எடுத்த பெயரும் பொருந்தவில்லை என்ற வரி, இரண்டு பெயர்களோடும் இருக்கும். சான்றிதழின் ‘காமன் நேம்’ பகுதியில் உங்கள் மின்னஞ்சல் முகவரி இருந்தால் நான் வியக்க மாட்டேன். கோருபவரின் முகவரியையே அங்கே போட்டுக் கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினாலும் பொருந்தாது.

செயலிக்கான சான்றிதழ் என்றால், காமன் நேமில் தரவுத்தளப் பயனர் பெயரையே கேட்டு வாங்குவதுதான் என் கட்சி. முடியாவிட்டால், எந்தப் பெயர் எந்தப் பயனருக்கு என்று பட்டியலிடும் பிஜி ஐடென்ட் கோப்பில் இரண்டு பெயர்களையும் இணைத்து ஒரு வரி எழுதி, யார் எப்படி நுழையலாம் என்று விதிக்கும் பிஜி எச்பிஏ கோப்பின் உரிய வரியில் அந்த ‘மேப்’ (பெயர்ப் பட்டியல்) பெயரைக் குறிப்பிடுங்கள். சர்வர் அந்தக் கோப்புகளை மீண்டும் படிக்கும்படி ரீலோடு செய்தால் போதும், மறுதொடக்கம் வேண்டாம். அவசரத்துக்கு ‘டிரஸ்ட்’ (சோதனையே இல்லாமல் உள்ளே விடுவது) என்று மாற்றலாமே என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

சர்வரிலிருந்து இணைந்தது எதையும் நிரூபிக்கவில்லை. ஹோஸ்ட் பெயர் தராமல் இணைத்தால் அது ஒரே கணினிக்குள் இயங்கும் யூனிக்ஸ் சாக்கெட் வழி. அங்கே எஸ்எஸ்எல் என்ற மறையாக்கமே கிடையாது; சான்றிதழுக்கும் வேலையில்லை. எச்பிஏ கோப்பில் வேறொரு வரி உங்களை உள்ளே விட்டிருக்கிறது. முதலில் பொருந்தும் வரிதான் செல்லும். அது மறுத்தால் அடுத்த வரிக்குப் போகாது.

சரிசெய்தபின், இணைப்புகளின் மறையாக்க விவரத்தைக் காட்டும் பிஜி ஸ்டாட் எஸ்எஸ்எல் காட்சியில் உங்கள் இணைப்பின் ‘கிளையன்ட் டிஎன்’ (சான்றிதழில் உள்ள பெயர் விவரம்) நெடுவரிசை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால் செயலி சான்றிதழைக் காட்டாமலேயே உள்ளே வந்திருக்கிறது.