தையல் இருக்கட்டும், புழுக்கை போட்டதா?

கேள்வி: எங்கள் பெண் முயலுக்கு ஒன்றரை வயது. நேற்று மதியம் கருப்பை நீக்கும் அறுவை சிகிச்சை செய்து, மாலையில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இரவு முழுக்க மூலையில் குறுகியே உட்கார்ந்திருந்தது. இரண்டு கொத்தமல்லித் தழையைக் கடித்ததோடு சரி, புல்லைத் தொடவில்லை. தையலை நக்குகிறது. கழுத்தில் கூம்பு மாட்டலாமா? வலிக்குக் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப் கொடுக்கலாமா?

பதில்: சிரப் வேண்டாம். தையலைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில், புழுக்கை போட்டதா? அதை நீங்கள் எழுதவே இல்லை.

முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வலி இருந்தால் தின்னாது. தின்னாவிட்டால் குடல் மந்தமாகி வாயு சேரும். வாயு சேர்ந்தால் வலி இன்னும் கூடும். முதல் நாள் புழுக்கை சிறியதாக, குறைவாக விழுவது சகஜம்தான். ஆனால் 12 மணி நேரமாகத் தீனியும் எடுக்காமல் புழுக்கையும் போடாமல் இருந்தால் அது அவசரநிலை. உங்கள் முயல் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருக்கிறது. இதைப் படித்ததும் அறுவை செய்த மருத்துவரை அழையுங்கள். குறுகி உட்காருவது, பாதி மூடிய கண், பல்லை நறநறவென்று கடிப்பது எல்லாம் வலியின் அடையாளம். காதும் சில்லிட்டிருந்தால் போனில் பேசி நேரத்தைப் போக்காமல் நேரில் கொண்டுபோங்கள்.

வலிக்கு முயல்களுக்கு வழக்கமாகத் தருவது மெலாக்சிகாம். எடையைப் பார்த்து அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கையும் வாய்வழி கொடுத்துவிடாதீர்கள்; குடலிலுள்ள நல்ல கிருமிகளை அழித்து உயிருக்கே உலை வைக்கும்.

வயிற்றைப் பரிசோதித்த மருத்துவர் சரி என்றால், நோயுற்ற முயல்களுக்கென்றே உள்ள மாவுணவைக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் ஊட்டலாம். முயலைத் துண்டில் சுற்றித் தரையில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பல்லுக்குப் பின்னால் பல்லில்லாத இடைவெளி இருக்கும். பக்கவாட்டில் அதன் வழியே நுனியை நுழைத்து, அரை மில்லி விட்டு, மென்று விழுங்கும்வரை பொறுங்கள். தலையை அண்ணாத்தவோ மல்லாத்தவோ கூடாது. உணவு நுரையீரலுக்குப் போய்விடும்.

கூம்பை நான் கடைசி வழியாகத்தான் வைத்திருப்பேன். அதை மாட்டினால் பல முயல்கள் தீனியையே விட்டுவிடும். ஆசனவாயிலிருந்து நேராக எடுத்துத் தின்னும் மென்புழுக்கையும் அதற்கு எட்டாது. லேசாக நக்கினால் பரவாயில்லை. நூலைக் கடித்து இழுத்தாலோ, காயம் வாய் பிளந்தாலோ, சீழ், வீக்கம் தெரிந்தாலோ காட்டுங்கள். பார்ப்பதற்காகப் புரட்ட வேண்டியதில்லை. செல்போனை வயிற்றுக்கடியில் நீட்டிக் காலையும் மாலையும் ஒரு படம் எடுத்தால் போதும்.

மரத்தூளை எடுத்துவிட்டுச் சுத்தமான துண்டை விரியுங்கள். பத்து நாளைக்குத் தாவி ஏற எதுவும் இருக்க வேண்டாம். குளிப்பாட்டவே கூடாது. மருத்துவமனைக்குக் கிளம்பும்போது கூடையில் ஒரு பிடி புல்லும் போட்டுக்கொள்ளுங்கள். காத்திருக்கும் நேரத்தில் நாலு வாய் தின்றால் அதுவும் லாபம்.