அமெரிக்காவில் சீனத் தற்காப்புக் கலையான தாய்ச்சி பரவியதில் அதன் ஆசான் செங் மான்-சிங்கின் பங்கு என்ன?

பெரிய பங்கு. காசநோயில் வாடிய இளவயதில் தாய்ச்சியைப் பிடித்துக்கொண்டவர் அவர். தாய்ச்சியின் ஒரு வகையான யாங் பாணியைக் கற்பித்த யாங் செங்-ஃபூவின் மாணவர். அந்தப் பாணியின் நீண்ட அசைவு வரிசையை 37 நிலைகளாகச் சுருக்கினார். வேலைக்கு ஓடுகிறவர்களும் தினமும் செய்ய முடிந்தது.

1964இல் தைவானிலிருந்து நியூயார்க் போய், சைனாடவுனில் கற்பித்தார். சீனர் அல்லாதவர்களை, நீளமுடி ஹிப்பிகளைக்கூடச் சேர்த்துக்கொண்டார். எதிர்ப்பு வந்தது, அவர் மசியவில்லை. என்னைக் கேட்டால், அவர் செய்த மிகப்பெரிய காரியம் இதுதான்.

இருவர் கையோடு கை ஒட்டி நின்று தள்ளும் பயிற்சிக்கு அவர் நிறைய முக்கியத்துவம் கொடுத்தார். எதிராளி தள்ளினால் முட்டுக்கொடுக்கக் கூடாது; இடுப்பைத் தளர்த்தித் திருப்பினால் போதும், அவர் விசை அவரையே முன்னால் சாய்த்துவிடும்.

மருத்துவம், ஓவியம், கவிதையிலும் தேர்ந்தவர். 1975இல் தைவானில் காலமானார். அவர் இருக்கும்போதே, அவருடைய மாணவர் ஹுவாங் ஷெங்-ஷியான் வழியாக அந்தக் கலை சிங்கப்பூர், மலேசியாவிலும் வேரூன்றியது.