துப்பறியும் தொடர்களில் ‘ரசிகர் ஊகம்’ என்றால் என்ன?

கதை சொல்லாமல் விட்டதை, கதை காட்டிய தடயங்களைக் கொண்டே பார்வையாளர்கள் நிரப்பிச் சொல்லும் விளக்கம்தான் ரசிகர் ஊகம். கோத்தகிரிப் பக்கம் இது அன்றாடப் பழக்கம். காலையில் கோயில் கதவு உடைந்து கிடக்கிறது. உண்டியல் அப்படியே இருக்கிறது. விளக்கு எண்ணெய் மட்டும் காலி. வந்தது திருடன் அல்ல, கரடி என்று யாரும் நேரில் பார்க்காமலே சொல்லிவிடுவார்கள்.

விடைக்கு வேண்டிய தடயத்தை முன்கூட்டியே கண்ணில் காட்டிவிடுவதுதான் துப்பறியும் கதையின் நேர்மை. ஊகம் அங்கே செழிப்பது அதனால்தான். பிபிசியின் ‘ஷெர்லாக்’ தொடரையே பாருங்கள். 2012 ஜனவரியில் வந்த பகுதியில் துப்பறிவாளர் ஷெர்லாக் மருத்துவமனை மாடியிலிருந்து குதிக்கிறார். அவருடைய நண்பர் ஜான் மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கிறார், நாடி இல்லை. ஆனால் கடைசிக் காட்சியில் ஷெர்லாக் உயிருடன் நிற்கிறார்! அடுத்த பகுதி 2014 ஜனவரியில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில், குதிப்பதற்கு முன் அவர் ஒரு ரப்பர் பந்தைத் தட்டி விளையாடியதை ரசிகர்கள் பிடித்துக்கொண்டார்கள். அக்குளில் வைத்து இறுக்கினால் கையில் நாடி தெரியாதே! எத்தனை கூர்மையான பார்வை! பின்னர் தொடர் தந்த விளக்கத்திலும் அந்தப் பந்து இருந்தது.

தொடரின் முடிவோடு ஒத்துப்போனால்தான் நல்ல ஊகம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, காட்டப்பட்ட தடயங்களுக்கெல்லாம் அது பொருந்துகிறதா என்றே பார்க்க வேண்டும்.