தரைத்தளமும் வேண்டும், தண்ணீரும் ஏறக் கூடாது: கடலூரில் வீடு பார்ப்பவருக்கு

கேள்வி: எனக்குக் கடலூர் சிப்காட்டில் வேலை. மனைவி புதுச்சேரியில் ஆசிரியை. அம்மாவுக்கு மூட்டுவலி, அதனால் தரைத்தளம்தான் சரிப்படும். செம்மண்டலம் பக்கம் 12 வருடப் பழைய தனிவீடு 45 லட்சத்துக்கு வருகிறது. அதே தெருவில் 12,000 ரூபாய் வாடகைக்கும் ஒரு வீடு இருக்கிறது. மனைவிக்குப் புதுச்சேரியிலேயே இருக்க ஆசை. வாங்குவதா, வாடகையா?

பதில்: முதலில் வாடகைக்குப் போங்கள். அதுவும் புரட்டாசிக்குள் குடியேறிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையை அந்தத் தெருவில் இருந்தே பார்த்துவிட்டுத் தை மாதம் விலை பேசலாம்.

பணக் கணக்கும் அவசரப்பட வேண்டாம் என்றுதான் சொல்கிறது. 45 லட்சம் வீட்டுக்கு வங்கிக் கடன் 80 சதவீதம், அதாவது 36 லட்சம் வரைதான் கிடைக்கும். 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் தவணை மாதம் சுமார் 31,240 ரூபாய். மீதி 9 லட்சம் உங்கள் கைப்பணம். இதற்கு மேல் முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2 என 9 சதவீதம், அதாவது 4,05,000 ரூபாய். இதை வங்கி வீட்டின் விலையோடு சேர்த்துக் கணக்கிடாது. கையில் 13 லட்சம் இல்லாமல் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

உண்மையான கேள்வி தண்ணீர்தான். இரண்டு ஊரிலும் வெள்ளம் வருகிறது, ஆனால் வரும் விதம் வேறு. புதுச்சேரியில் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர், வெங்கட்டா நகர் போன்ற பள்ளப் பகுதிகளில் பெய்த மழையே வடியாமல் தேங்கும். 2024 நவம்பர் 30, டிசம்பர் 1-இல் ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அங்கே மழை பெய்யும்போதே தெரிந்துவிடும். கடலூரில் ஆற்றுத் தண்ணீர். அதே புயலில் மேற்கே பெய்த மழைக்குச் சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, இங்கே மழை ஓய்ந்த பிறகு தென்பெண்ணை கரைபுரண்டு செம்மண்டலம், குண்டு உப்பலவாடி பக்கமெல்லாம் ஊருக்குள் புகுந்தது. ‘போன மழைக்குத் தண்ணீர் நின்றதா’ என்று மட்டும் விற்பவரைக் கேட்டால் ‘இல்லை’ என்பார். அது பொய்யாகவும் இருக்காது. ‘2021 நவம்பரிலும் 2024 டிசம்பரிலும் எந்தப் படி வரை ஏறியது’ என்று எதிர்வீட்டில் கேளுங்கள். சுவரில் ஒரே மட்டத்தில் பெயின்ட் உரிந்து உப்புப் பூத்திருக்கும் கோடும், புதிதாக மேலே ஏற்றி மாட்டிய மின்மீட்டர் பெட்டியும் பதில் சொல்லிவிடும்.

அம்மாவின் மூட்டுவலிக்கும் வெள்ளத்துக்கும் ஒரே இடத்தில்தான் மோதல்: வாசற்படி. தரைமட்டம் தெருவைவிட 60 செ.மீ.யாவது உயர்ந்திருக்க வேண்டும். பழைய வீடுகளில் ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் தெரு உயர்ந்து, நாலு படி இருந்த வாசல் இரண்டு படியாகிவிடும். அதனால் இப்போதைய ரோட்டிலிருந்து டேப் வைத்து அளங்கள். 60 செ.மீ. உயரத்துக்குச் சரியான சாய்தளம் கட்ட 7 மீட்டருக்கு மேல் நீளம் வேண்டும், மனையில் இடம் இருக்காது. 15 செ.மீ. உயரத்தில் நாலு படி, கால் முழுதாகப் பதிய 30 செ.மீ. அகலம், இரண்டு பக்கமும் கைப்பிடி. மூட்டுவலிக்காரருக்கு இது நன்றாகவே ஒத்துவரும். மாடி வீட்டுக்கு அலைய வேண்டியதில்லை.

யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: அடைமழையில் கீழ்வீட்டுக் கழிவறையில் தண்ணீர் இறங்குகிறதா? நிலத்தடி நீர் மேலே வந்ததும் செப்டிக் டேங்க் நிரம்பி, ஊற்றிய தண்ணீர் திரும்பி வரும். வீட்டுக்குள் வெள்ளம் வராத தெருவிலும் இது நடக்கும். வயதானவர் இருக்கும் வீட்டில் மூன்று நாள் கழிவறை இல்லாமல் சமாளிக்க முடியாது. டேங்க் மூடியும், தண்ணீர் சம்ப் மூடியும் முற்றத்தைவிட ஒரு அடியாவது உயரத்தில் இருக்கட்டும். சம்ப் தாழ்ந்திருந்தால் சாக்கடை நீர் குடிநீரில் கலந்துவிடும்.

கட்டடத்தில் சன்ஷேடு, பால்கனி அடிப்பக்கம், மாடிப்படியின் அடி மூன்றையும் பாருங்கள். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துப் பருத்து கான்கிரீட்டைத் தள்ளும். கம்பி ஓடும் வரிசையிலேயே விரிசல், பழுப்புக் கறை, நாணயத்தால் தட்டினால் ‘டொக்’ என்ற வெற்றுச் சத்தம். மேலே பூசி மறைத்தால் துரு நிற்காது. கடலோரக் கட்டடத்துக்கு எம்30 என்ற வலுத் தரத்தில் கான்கிரீட்டும், கம்பியை மூடி 45 மி.மீ. கான்கிரீட் கவரும் இந்தியத் தரவிதி சொல்வது. பல வீடுகளில் அதில் பாதிதான் இருக்கும். 12 வருட வீட்டில் இந்த அறிகுறி இரண்டு இடத்துக்கு மேல் இருந்தால் விட்டுவிடுங்கள்.

போர் தண்ணீரின் டிடிஎஸ்ஸை, அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவை, சித்திரை, வைகாசியில் அளக்க வேண்டும். மழைக்குப் பிறகு அளந்தால் குறைத்துக் காட்டும். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் நல்லது, 2,000-ஐத் தாண்டினால் குடிக்க ஆகாது.

பத்திரத்தில் 30 வருட வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா மூன்றும் ஒத்துப்போக வேண்டும். புல எண்ணின் எஃப்எம்பி (நில அளவைப் பதிவேடு) வரைபடத்தில் வாய்க்கால் கோடு மனைக்குள் ஓடுகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

புதுச்சேரிப் பக்கம் போவதானால் எல்லையைக் கவனியுங்கள். ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, கன்னியக்கோயில் புதுச்சேரி. பதிவு அலுவலகம், கட்டணம், மனை அங்கீகாரம் எல்லாமே வேறு. பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் சென்டாக் (புதுச்சேரி அரசின் உயர்கல்விச் சேர்க்கை அமைப்பு) வழியாக இடம் வேண்டுமென்றால் அங்கே தொடர்ந்து குடியிருந்ததற்கான சான்று கேட்பார்கள். அந்த எண்ணம் இருந்தால் வாடகை ஒப்பந்தமும் ஆதார் முகவரியும் முதல் நாளிலிருந்தே புதுச்சேரியில் இருக்கட்டும்.