பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்தை மாற்ற ஏன் இத்தனை குழுக்கள்? சிறிய மாற்றம், பெரிய மாற்றம் என்று எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

சில ஆண்டுகள் ஒரு பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுவில் இருந்தேன். முதல் கூட்டத்தில் எனக்கும் இதே கேள்விதான் இருந்தது.

எத்தனை பக்கம் திருத்தினீர்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. அந்தத் திருத்தம் யாரையெல்லாம் தொடும் என்றுதான் பார்ப்பார்கள். பாடநூலை மாற்றுவது துறைக்குள்ளேயே முடிந்துவிடும். புதிய விருப்பப் பாடம் என்றால் பெரும்பாலும் புல அளவிலான (பல துறைகள் சேர்ந்தது புலம்) குழு பார்க்கும். பட்டத்தின் பெயர், மொத்த கிரெடிட் (பாடங்களுக்குத் தரும் மதிப்பலகு), சேர்க்கைத் தகுதி ஆகியவற்றில் கைவைத்தால் பெரிய மாற்றம். பல்கலைக்கழகத்தின் உயர் கல்விக் குழுவான செனட் வரை போகும்.

கோடு எங்கே விழுகிறது என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் புதிய பட்டப்படிப்புக்கு மாகாணத் தரக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இருக்கும் படிப்பில் எது பெரிய மாற்றம் என்பதைப் பல்கலைக்கழகமே தன் விதிகளில் வரையறுத்து, ஒப்புதலும் தந்து, ஆண்டுக்கொருமுறை அந்தக் குழுவுக்கு அறிக்கை அனுப்பும். அமெரிக்கக் கூட்டாட்சி விதியில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: கடைசி அங்கீகார ஆய்வுக்குப் பிறகு ஒரு படிப்பின் உள்ளடக்கமோ கிரெடிட்டோ மொத்தமாக 25 சதவீதமோ அதற்கு மேலோ மாறியிருந்தால் கல்வி நிறுவனத்தின் தரத்தை ஆய்வு செய்து அங்கீகரிக்கும் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். 'மொத்தமாக' என்ற சொல் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. வருடத்துக்கு ஒரு சின்னத் திருத்தம் என்று போனால், ஐந்தாறு வருடத்தில் யாரும் ஒப்புதல் தராத வேறொரு படிப்பு உருவாகிவிடும்.

சிறியது என்று நாங்களே நம்பி ஏமாந்ததும் உண்டு. முதலாண்டுக் கணிதத்தில் நிகழ்தகவு அலகை எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்க்கக் கேட்டார்கள். ஓர் அலகுதானே என்று ஒப்புதல் கொடுத்தோம். அடுத்த ஆண்டு வேறொரு துறையின் புள்ளியியல் வகுப்பில் பாதிப் பேருக்கு அடிப்படையே தெரியவில்லை. அந்த ஆசிரியர் மூன்று வாரம் நிகழ்தகவு நடத்தி, தன் பாடத்தின் கடைசிப் பகுதியைக் கைவிட வேண்டியதாயிற்று. நட்டம் மாணவர்களுக்கு. அப்புறம்தான் படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்தோம்: 'இதை முன்தேவைப் பாடமாக வைத்திருக்கும் துறைகளிடம் கேட்டீர்களா?' உண்மையில் அதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்கள் பழைய திட்டத்திலேயே முடிக்க வழி உண்டா, பழைய பாடத்தில் தோற்றவர்கள் எந்தத் தேர்வை எழுதுவார்கள் என்பதை முன்மொழிவிலேயே எழுதிவிடுங்கள். பல கோப்புகள் இந்த இடத்தில்தான் திரும்பி வந்தன. ஒப்புதலுக்கு எப்போது அனுப்ப வேண்டும் என்பதை, சேர்க்கைக் கையேடு வெளியாகும் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். எந்த வகை என்று சந்தேகம் இருந்தால், படிவம் நிரப்பும் முன்பே பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சிறியது என்று அனுப்பி, பெரியது என்று திரும்பி வந்தால் ஒரு கல்வியாண்டே போய்விடும்.