நடமாடும் மனநல வண்டி வராத இரவுகளுக்கு என்ன ஏற்பாடு?

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவின் பொறுப்பில் இருக்கிறேன். மனநல மருத்துவக் குழு எங்கள் பகுதிக்கு மாதம் ஒருமுறை வந்து போகிறது. இரவில் ஒருவர் நிதானமிழந்து வீட்டாரை அடிக்கும்போதோ, சாகப்போவதாகச் சொல்லும்போதோ யாரை அழைப்பது? இன்னொரு வண்டி கேட்டு மனு கொடுக்கலாமா?

பதில்: மனு கொடுங்கள், ஆனால் வண்டியோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் மாவட்டத்தில் 2010-இல் சென்னையைச் சேர்ந்த மனநலத் தொண்டு நிறுவனமான ஸ்கார்ஃப், காணொளியில் மருத்துவரைப் பார்க்கவும் அங்கேயே மருந்து வாங்கவும் வசதியுள்ள பேருந்தைக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. தொடர் சிகிச்சைக்கு இது மிக நல்ல வழி. எனினும் அத்தகைய வண்டி முறை வைத்து வருவது. நெருக்கடி அப்படி வருவதில்லை.

இரவில் முதலில் கைகொடுப்பது தொலைபேசிதான். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். பாதிக்கப்பட்டவர் பேச மறுத்தால் வீட்டாரே பேசி வழிகாட்டுதல் பெறலாம். விஷம் குடித்திருந்தாலோ, காயம் இருந்தாலோ, கையில் ஆயுதம் இருந்தாலோ முதல் அழைப்பு 108-க்குப் போக வேண்டும். பூச்சிமருந்து குடித்தவருக்கு உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து டப்பாவை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

நிதானமிழந்த எல்லோருக்கும் மனநோய்தான் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. நாள்தோறும் குடித்தவர் கோயிலுக்கு மாலை போட்டுத் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, தூக்கம் கெட்டு, இல்லாத உருவங்களைக் கண்டு அலறலாம். சாமி வந்துவிட்டது என்றோ பேய் பிடித்தது என்றோ வீட்டில் வைத்திருந்தால், வலிப்பு கண்டு உயிரே போகக்கூடும். சர்க்கரை தாழ்ந்தவரும், கடும் காய்ச்சல் உள்ளவரும், தலையில் அடிபட்டவரும் இப்படியே குழம்பிப் பேசுவார்கள். ஆகவே முதல் பரிசோதனை பொது மருத்துவருடையதாக இருக்க வேண்டும்.

சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 94-ஆவது பிரிவின்படி, உயிருக்கோ பிறருக்கோ கடும் ஆபத்து நேரும் நிலையில், மனநல மருத்துவராக இல்லாவிட்டாலும் பதிவுபெற்ற எந்த மருத்துவரும், நியமனப் பிரதிநிதி (நோயாளியின் சார்பில் முடிவெடுக்க நியமிக்கப்பட்டவர்) அருகில் இருந்தால் அவருடைய ஒப்புதலோடு, மருத்துவமனையிலோ ஊரிலோ அவசர சிகிச்சை அளித்து, அருகிலுள்ள மனநல நிலையத்துக்கு அனுப்பலாம். இந்த ஏற்பாடு அதிகபட்சம் 72 மணி நேரத்துக்கே செல்லும். சங்கிலியால் கட்டுவதை 95-ஆவது பிரிவு தடை செய்கிறது. இப்படிப்பட்டவரைப் பாதுகாப்பில் எடுக்கும் காவலர்கள் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டுமே தவிர, லாக்கப்பில் வைக்கக் கூடாது என்கிறது 100-ஆவது பிரிவு. தற்கொலைக்கு முயன்றவர் மீது வழக்கு வரும் என்று பயந்து பல குடும்பங்கள் சிகிச்சையைத் தாமதிப்பதைக் கண்டு நான் மிகவும் வருந்துகிறேன். அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 115-ஆவது பிரிவு கூறுவதை ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லுங்கள்.

எனவே மனுவில் இவற்றைக் கேளுங்கள்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவசர மருந்துகள் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும், இரவுப் பணியில் இருப்பவர் மாவட்ட மனநல மருத்துவரைத் தொலைபேசியில் கலந்தாலோசிக்க ஏற்பாடு வேண்டும், கிராம சுகாதார செவிலியருக்கும் காவல் நிலையத்துக்கும் சேர்த்துப் பயிற்சி வேண்டும். இவை இருந்தால்தான் இரண்டாவது வண்டிக்குப் பயன் உண்டு. கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்தால் மனுவுக்கு வலு கூடும்.

என் அனுபவத்தில், பல நெருக்கடிகள் மாத்திரை நின்றுபோன சில வாரங்களிலேயே உருவாகிவிடுகின்றன. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருவதைப் போல மனநல மாத்திரையும் தடையின்றி வர வேண்டும் என்பதையும், மருத்துவமனையிலிருந்து திரும்பியவரை முதல் வாரத்திலேயே செவிலியர் நேரில் பார்க்க வேண்டும் என்பதையும் அந்தத் தீர்மானத்தில் தவறாமல் எழுதுங்கள்.