பக்கம் திறக்கப் பிந்துவது ஏன்?

அன்புள்ள அக்கா,

வடமராட்சியில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் சுமைதாங்கிகள், ஆவுரோஞ்சிக்கற்கள் (மாடுகள் உடம்பை உரஞ்ச நட்ட கற்கள்), கேணிகள், மடங்கள் பற்றிப் படங்களோடு எனது சொந்தத் தளத்தில் எழுதி வருகிறேன். ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பாவுக்கு உடனே திறக்கிறதாம். ஊரில் போனில் திறப்பவர்களுக்கோ நெடுநேரம் வெள்ளைத் திரைதான். யாழ்ப்பாணத்திலிருந்து வரும்போது வல்லை வெளியில் பஸ்ஸில் இருந்து திறந்தேன், நெல்லியடி வந்தும் எழுத்து வரவில்லை என்று ஒருவர் சொன்னார். கூகிளின் பேஜ்ஸ்பீட் சோதனையில் நூற்றுக்கு 23 புள்ளி. தளத்துக்கு இடம் தந்தவர்கள், விலை கூடிய திட்டத்துக்கு மாறினால் சரியாகும் என்கிறார்கள். மாறட்டுமா?

— ஒரு வாசகர், கரவெட்டி

அன்புள்ள தம்பி,

மாற வேண்டாம். இப்போதைக்கு ஒரு சதமும் கூடுதலாகக் கட்டாதீர்கள். உங்கள் கேணிக் கட்டுரையைக் குரோமில் திறந்து, நெட்வொர்க் பகுதியில் ஒவ்வொரு கோப்பும் எப்போது வருகிறது, எவ்வளவு பாரம் என்று பார்த்தேன். உங்கள் தளத்துக்கு இரண்டு வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. எழுத்து வரப் பிந்துவது ஒன்று. பக்கம் முழுவதும் வந்து முடியாமல் இழுபடுவது மற்றது. விலை கூடிய திட்டத்தால் முதலாவது கொஞ்சம் குறையலாம். இரண்டாவதை அது தொடவே தொடாது.

முதலில் வெள்ளைத் திரை. உங்கள் சேர்வர், அதாவது தளம் வைக்கப்பட்டிருக்கும் கணினி, அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் இருக்கிறது. கரவெட்டியில் எழுதியதைப் பக்கத்து வீட்டுக்காரர் வாசிக்க, அது அங்கே போய்த்தான் திரும்பி வர வேண்டும். ரொறன்ரோவுக்கு அது அயல். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் போகும். இங்கிருந்து அங்கே நேர்கோட்டிலேயே 14,000 கிலோமீற்றர் அளவில் வரும், கடலடிக் கேபிள் சுற்றிப் போவதால் இன்னும் கூட. ஆக, ஒருமுறை போய்வரவே கால் வினாடி அளவில் ஆகிவிடும். முகவரி தேடுவது, தொடர்பை ஏற்படுத்துவது, பாதுகாப்புச் சாவி மாற்றிக்கொள்வது, அதற்குப் பிறகுதான் பக்கத்தைக் கேட்பது என்று முதல் எழுத்து வரும் முன்பே மூன்று நான்கு தடவை போன் கேட்டுக் காத்திருக்கிறது. சிக்னல் நன்றாக இருந்தாலே ஒரு வினாடி இதில் போய்விடும்.

அதோடு, யாராவது கேட்கும் ஒவ்வொரு தடவையும், உங்கள் தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் உங்கள் கட்டுரையைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்துப் புதிதாகக் கட்டுகிறது. ஆவுரோஞ்சிக்கல் பற்றி நீங்கள் எழுதியது நாளுக்கு நாள் மாறுவதில்லையே. கட்டிய பக்கத்தைச் சேமித்து வைத்து அப்படியே கொடுக்கும் கேஷ் பிளக்இன் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணைச் செயலி) ஒன்றைப் போடுங்கள். டபிள்யூபி சூப்பர் கேஷ் இலவசம், அதுவே போதும்.

தூரத்துக்கும் வழி உண்டு. தளங்களின் நகல்களைப் பல நாடுகளில் வைத்து வழங்கும் கிளவுட்பிளேர் என்ற சேவையின் இலவசத் திட்டத்தில் தளத்தை இணைத்தால் படங்களின் நகல்கள் வாசகருக்குக் கிட்டிய நிலையங்களில் தங்கும். கொழும்பிலும் சென்னையிலும் அவர்களுக்கு நிலையங்கள் உண்டு. ஒன்றைக் கவனியுங்கள். வழமையான அமைப்பில் அது படங்களையும் ஸ்கிரிப்ட் கோப்புகளையும் மட்டுமே வைத்துக்கொள்ளும், கட்டுரைப் பக்கத்தை வைத்துக்கொள்ளாது. அதையும் வைக்கும்படி தனியே விதி எழுத வேண்டும். இதைச் செய்யாமல் ‘போட்டும் பயனில்லை’ என்று விட்டவர்கள் பலர். அடுத்த முறை புதுப்பிக்கும் காலம் வரும்போது சிங்கப்பூரிலோ மும்பையிலோ சேர்வர் உள்ள இடத்துக்கு மாறிவிடுங்கள். இப்போது கட்டும் விலையிலேயே கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இனி எழுத்துரு. இதைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும், தமிழ்த் தளங்கள் பலவற்றில் இதே நிலைதான். தலைப்புக்கு ஒன்று, கட்டுரையின் உடலுக்கு ஒன்று, மேற்கோளுக்கு ஒன்று என மூன்று தமிழ் எழுத்துருக்களை இறக்குகிறீர்கள். ஒவ்வொன்றிலும் சாதாரணம், தடிப்பு என இரண்டு கோப்புகள். எழுத்துரு வந்து சேரும் வரை உலாவி எழுத்தை மறைத்து வைக்கும், சாதாரணமாக மூன்று வினாடி வரை. கட்டுரை முழுவதும் போனுக்கு வந்துவிட்டது, ஆனால் திரையில் காட்டவில்லை! அண்ட்ரொய்ட் போன்களில் நோட்டோ தமிழ் ஏற்கெனவே இருக்கிறது. ஐபோனில் தமிழ் சங்கம் இருக்கிறது. விண்டோஸில் நிர்மலா இருக்கிறது. மூன்றும் வடிவாக வாசிக்கக் கூடியவை. உடல் எழுத்துக்குப் போனில் உள்ளதையே விட்டுவிடுங்கள். தலைப்புக்கு உங்களுக்குப் பிடித்த ஒன்றை மட்டும் வைத்து, அது வரும் வரை போனின் எழுத்துருவில் காட்டும்படி ‘ஸ்வாப்’ (font-display: swap) என்று அமைத்துவிடுங்கள்.

எழுத்துருக் கோப்பைச் சிறிதாக வெட்டித் தரும் கருவிகள் இணையத்தில் உண்டு. ஆங்கிலத்தை மட்டும் மனதில் வைத்துச் செய்த கருவியாக இருந்தால், தமிழ் எழுத்துகளை இணைக்கும் அட்டவணையையும் சேர்த்து வெட்டிவிடும். பிறகு ‘கு’, ‘மூ’ எல்லாம் மெய்யும் குறியும் பிரிந்து நிற்கும். வெட்டினால் இந்த எழுத்துகளை ஒருமுறை பார்த்த பிறகு ஏற்றுங்கள்.

சரி, படங்கள். கேணிக் கட்டுரையில் ஆயிரம் சொல் வரும். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், ‘கொ’ என்றால் ஆறு. அப்படிக் கணக்கிட்டும் முழுக் கட்டுரையும் 30 கிலோபைட்டுக்குள். சேர்வர் அதைச் சுருக்கி அனுப்பும்போது பத்துக்கும் கீழே வந்துவிடுகிறது. அதே பக்கத்தில் உள்ள ஒன்பது படங்களும் சேர்ந்து 34 மெகாபைட். ஒரு ஜிபி டேட்டா போட்டவர் இப்படி முப்பது கட்டுரை வாசித்தால் காட் முடிந்தது. அது உங்கள் வாசகரின் காசு, தம்பி. கேணியின் படிக்கட்டை யார் கட்டுவித்தார்கள் என்று உங்களுக்குச் சொல்லக்கூடிய ஆச்சி ஊரில்தான் இருக்கிறார். அவருடைய பேத்தியின் போனில் இந்தப் பக்கம் திறக்க வேண்டும். எனக்கு இதில் உள்ள அக்கறை எல்லாம் அதுதான்.

படங்கள் 4032க்கு 3024 பிக்சல், போன் கமரா எடுத்தபடியே. பார்க்கும் போனின் திரை பெரும்பாலும் 1080 பிக்சல் அகலம். வேர்ட்பிரஸ் படம் ஏற்றும்போதே சிறிய நகல்களைச் செய்து வைக்கிறது. திரைக்கு ஏற்றதைத் தெரிந்து அனுப்பும் வசதியும் அதில் 2015 முதல் உண்டு. நீங்கள் போட்டிருக்கும் படக் கலரி பிளக்இன் அதை ஒதுக்கிவிட்டு எல்லோருக்கும் மூலப்படத்தையே அனுப்புகிறது. கலரியை எடுத்துவிட்டு வேர்ட்பிரஸின் சொந்தப் படப் பெட்டியைப் பாவியுங்கள். ஏற்ற முன் படத்தை 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, வெப்பி (WebP) வடிவில், தரம் 75 அல்லது 80 வைத்துச் சேமியுங்கள். உலாவியிலேயே ஓடும் ஸ்கூஷ் (Squoosh) என்ற கருவி இதற்கு நல்லது, முன்னும் பின்னும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். உங்கள் முதல் படத்தை அப்படிச் செய்து பார்த்தேன். 4 மெகாபைட் 170 கிலோபைட் ஆனது. கல்லில் உள்ள பாசியும் உளி பட்ட தடமும் போன் திரையில் அப்படியே தெரிகின்றன.

கீழே உள்ள படங்களை வாசகர் கிட்ட வரும்போது மட்டும் ஏற்றுவதை 2020 முதல் வேர்ட்பிரஸ் தானே செய்கிறது. மேலே முதலில் தெரியும் படத்தை மட்டும் அப்படிப் பிந்த விடக்கூடாது. இப்படிப் பிந்தி ஏற்றுவதற்கென்று இன்னொரு பிளக்இன் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள்.

முகப்பில் ஓடும் படவரிசை, பேஸ்புக் பெட்டி, வருகையாளர் எண்ணி மூன்றும் வேண்டாம். யூரியூப் காணொளியை உள்ளே பதிக்காமல் ஒரு படமும் இணைப்புமாக வையுங்கள்.

எதையும் தொட முன் தளம் முழுவதற்கும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஒவ்வொரு மாற்றமாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு சோதியுங்கள். உங்கள் கணினியில் சோதிக்க வேண்டாம், அதில் எல்லாம் ஏற்கெனவே சேமிப்பில் கிடக்கும். வைபையை நிறுத்தி, மலிவான ஒரு போனில், மறைநிலைச் சாளரத்தில் (incognito) திறவுங்கள். பேஜ்ஸ்பீட் புள்ளி நூறு ஆக வேண்டியதில்லை. பக்கத்தின் முக்கியமான பகுதி இரண்டரை வினாடிக்குள் தெரிந்தால் கூகிளே அதை நல்லது என்கிறது.

மூலப்படங்களை அழித்துவிடாதீர்கள். தளத்தில் சிறியது இருக்கட்டும், பெரியது ஹார்ட் டிஸ்கில் ஒன்றும் வேறொருவர் வீட்டில் ஒன்றுமாக இருக்கட்டும். கோப்பின் பெயரில் ஊரும் திகதியும் போடுங்கள். ஆய்வுக்குக் கேட்பவர்களுக்காகப் படத்தின் கீழே ‘முழு அளவில் பார்க்க’ என்று ஓர் இணைப்பும், பக்கத்தில் அது எத்தனை மெகாபைட் என்பதும் இருந்தால், வேண்டியவர் தெரிந்தே அழுத்துவார்.